பூட்டிக் கிடக்கும் விஞ்ஞானம்

பஞ்சு மில்லில், புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பல வருஷம் உழைத்த ஒரு தோழரைக் கேட்டுப் பாருங்கள். வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாள், நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல் இருக்கும் என்பார். மூச்சு விடவே சிரமமாயிருக்கும். மறுநாள் கொஞ்சம் தேவலை. அடுத்த லீவு முடிந்து திரும்பினால் பழையபடி அதே இறுக்கம். வருஷங்கள் போகப் போக அது வாரம் பூராவும் நீடிக்கும். கடைசியில் நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டிய நிலை வந்துவிடும். டாக்டரிடம் போனால், “பீடி குடிப்பாயா?” என்று கேட்டுவிட்டு, “ஆஸ்த்மா” என்று சீட்டு எழுதிக் கொடுப்பவர்களே அதிகம்.

லீவு முடிந்த முதல் நாளில் வருகிற இந்த இறுக்கம் வெறும் ஆஸ்த்மா அல்ல. பஞ்சுத் தூசியால் வருகிற தொழில் நோய் இது. இதற்கு பிஸினோஸிஸ் என்று பெயர். நேற்று முந்தாநாள் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. இத்தாலி தேசத்து டாக்டர் ராமஸ்ஸினி, தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி 1700-ல் வெளியிட்ட புத்தகத்திலேயே, சணலையும் நாரையும் சிக்கெடுத்துச் சீவுகிறவர்கள் இருமலாலும் இளைப்பாலும் படுகிற பாட்டை எழுதியிருக்கிறார். பிரிட்டனில் 1941-லேயே இந்த நோய்க்கு நஷ்டஈட்டுத் திட்டம் வந்துவிட்டது. 1950-களில் லங்காஷயர் மில்களில் டாக்டர் ஷில்லிங் என்பவர் தொழிலாளர்களை வரிசையாக உட்கார வைத்து, “நெஞ்சு இறுக்கம் எந்தக் கிழமையில் வருகிறது?” என்று கேட்டுக் கணக்கெடுத்தார். நோயை இன்னதென்று அடையாளம் கண்டுகொள்ள அந்த ஒரு கேள்வி பெரிய சாதனமாயிற்று. அமெரிக்காவில் மில் முதலாளிகள் நீண்ட காலம், “எங்கள் நாட்டில் அந்த நோயே கிடையாது” என்று சாதித்தார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த பிறகு, 1978-ல் பஞ்சுத் தூசிக்குச் சட்டபூர்வமான அளவு நிர்ணயித்தார்கள். முதலாளிகள் சுப்ரீம் கோர்ட் வரை போய், 1981-ல் தோற்றார்கள்.

நம் நாட்டிலும், நஷ்டஈடு தர வேண்டிய தொழில் நோய்களின் சட்டப் பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது. பெயர் இருந்து என்ன பயன்? தனக்கு இருப்பது இந்த நோய்தான் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டாமா? அதற்கு ஆதாரம் எங்கே இருக்கிறது? விஞ்ஞானப் பத்திரிகைகளில் இருக்கிறது. அந்தப் பத்திரிகைகள் எங்கே இருக்கின்றன? பல்கலைக் கழக நூல் நிலையங்களில் இருக்கின்றன. சரி, அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாமே என்றால், அங்கேதான் பூட்டு தொங்குகிறது.

“பல்கலைக் கழகத்து லைப்ரரிக்கும், மில்லில் பஞ்சு சுமக்கிறவனுக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்தப் பூட்டைப் பற்றி நாம் எழுதுவது அவர்களுக்காகவும்தான்.

கட்டுரை பிறக்கிற விதம்

ஒரு விஞ்ஞானி புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் அதை உலகத்துக்கு எப்படிச் சொல்கிறார்? பழைய நாளில் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். சிலர், தாங்கள் கண்டதைப் பிறர் திருடிக்கொள்வார்களோ என்ற பயத்தில் ரகசிய எழுத்தில் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். 1665-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் காரியதரிசியாயிருந்த ஹென்றி ஓல்டன்பர்க், வருகிற கடிதங்களையும் கண்டுபிடிப்புகளையும் தொகுத்து ஒரு பத்திரிகையாக வெளியிட ஆரம்பித்தார். அதே வருஷம் இரண்டு மாதம் முன்னதாகப் பாரிஸிலும் இப்படி ஒரு பத்திரிகை தொடங்கியது. முதலில் யார் கண்டார்கள் என்பது தேதியோடு பதிவாயிற்று. மற்றவர்கள் படித்துச் சோதித்துப் பார்க்கவும் வழி பிறந்தது. பெட்டியில் கிடந்த அறிவு சந்திக்கு வந்தது என்று சொல்லலாம்.

இன்றும் அடிப்படை அதுதான். விஞ்ஞானி கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறார். ஆசிரியர் அதை அந்தத் துறையில் தேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி, “இது சரியா? கணக்கு ஒத்துவருகிறதா? முன்பே யாராவது சொன்னதா?” என்று கேட்கிறார். அவர்கள் குறை சொன்னால் எழுதியவர் திருத்த வேண்டும். தேறினால் அச்சாகும். இந்தச் சோதனை நல்ல ஏற்பாடு. நாம் அதைக் குறை சொல்லவில்லை.

இதில் யார் யாருக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

ஆராய்ச்சி நடத்தப் பணம் பெரும்பாலும் சர்க்கார் கஜானாவிலிருந்து வருகிறது. அதாவது, தீப்பெட்டி வாங்கும்போதும் சோப்பு வாங்கும்போதும் நாம் கட்டுகிற வரியிலிருந்து வருகிறது. விஞ்ஞானிக்குச் சம்பளம் அந்தப் பணத்தில். ஆய்வுக்கூடமும் கருவியும் அந்தப் பணத்தில். கட்டுரை எழுதிக் கொடுத்ததற்குப் பத்திரிகைக் கம்பெனி அவருக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை. சோதித்துப் பார்க்கிற விஞ்ஞானிகளும் பெரும்பாலும் இனாமாகவே வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் சம்பளம் கொடுப்பது அவரவர் பல்கலைக் கழகம்தான். கட்டுரையின் உரிமையையோ, கம்பெனி கையெழுத்து வாங்கித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும். பிறகு அதே கட்டுரையை, எழுதியவரின் பல்கலைக் கழகத்துக்கே சந்தா போட்டு விற்கும்!

மில் பாஷையில் சொன்னால், பஞ்சு நம்முடையது, தறி நம்முடையது, நெய்கிறவன் கூலியும் நாமே கொடுக்கிறோம். நெய்த துணியை ஒருவன் வந்து இனாமாக எடுத்துப்போய், முத்திரை குத்தி, நமக்கே கேட்ட விலைக்கு விற்கிறான். எந்த மில் முதலாளிக்கும் கிடைக்காத வியாபாரம் இது. நம் ஊர் முதலாளியாவது பஞ்சுக்கு விலை கொடுத்து, கூலி என்ற பெயரில் ஏதோ கொடுக்கிறான்.

லாபம் எவ்வளவு?

இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் ராபர்ட் மாக்ஸ்வெல். இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு எல்லாச் சர்க்கார்களும் விஞ்ஞானத்துக்குப் பணத்தைக் கொட்டின. 1951-ல் ஒரு சிறு பதிப்பகத்தை வாங்கி, பெர்கமான் பிரஸ் என்று பெயர் வைத்து, விஞ்ஞானத்தின் ஒவ்வொரு சின்னப் பிரிவுக்கும் ஒரு பத்திரிகையாக ஆரம்பித்துக்கொண்டே போனார். ஒரு விஞ்ஞானக் கட்டுரைக்குப் பதிலாக வேறொரு கட்டுரையைப் படித்துச் சமாளிக்க முடியாது. அரிசி விலை ஏறினால் கேழ்வரகு சாப்பிடலாம். பஞ்சுத் தூசிக் கட்டுரைக்குப் பதில் நிலக்கரித் தூசிக் கட்டுரையைப் படித்து என்ன செய்வது? ஆகவே ஒவ்வொரு பத்திரிகையும் தனக்குத் தானே ஏகபோகம். எத்தனை விலை வைத்தாலும் நூல் நிலையம் வாங்கியே தீர வேண்டும்.

1991-ல் பெர்கமானை எல்ஸ்வியர் என்ற டச்சுக் கம்பெனிக்கு 44 கோடி பவுனுக்கு விற்றார் மாக்ஸ்வெல். அதே வருஷக் கடைசியில் கடலில் இறந்துபோனார். இறந்த பிறகுதான் தெரிந்தது, தம்முடைய பத்திரிகைக் கம்பெனித் தொழிலாளர்களின் பென்ஷன் நிதியிலிருந்து பல கோடிப் பவுன்களை அவர் எடுத்துச் செலவழித்துவிட்டார் என்பது! வயது காலத்துக்கென்று சேர்த்த பணத்தைப் பறிகொடுத்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நின்றார்கள். விஞ்ஞானியின் உழைப்பை இனாமாக வாங்கிய கை, அச்சகத் தொழிலாளியின் சேமிப்பையும் விட்டு வைக்கவில்லை.

எல்ஸ்வியர் அதற்குப் பிறகு இன்னும் கொழுத்தது. 2010-ல் அதன் விஞ்ஞானப் பதிப்புத் தொழிலில் வரவு சுமார் 200 கோடி பவுன். லாபம் 72 கோடி பவுனுக்கு மேல். நூற்றுக்கு 36! அந்த வருஷம் ஆப்பிள், கூகிள் போன்ற கம்பெனிகளின் லாப விகிதம்கூட அவ்வளவு இல்லை. எல்ஸ்வியர், ஸ்பிரிங்கர், வைலி, டெய்லர் அண்டு பிரான்ஸிஸ் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகளின் கையில்தான் உலக விஞ்ஞானப் பத்திரிகைகளில் பெரும் பகுதி இன்று அகப்பட்டிருக்கிறது.

“ஏழை நாடு, கட்ட முடியவில்லை” என்று இதைத் தள்ளிவிட முடியாது. உலகத்திலேயே அதிகச் சொத்துள்ள பல்கலைக் கழகம் அமெரிக்காவின் ஹார்வர்டு. பத்திரிகைச் சந்தா வருஷத்துக்கு 37 லட்சம் டாலரைத் தாண்டுகிறது, இப்படியே போனால் தாங்காது என்று 2012-ல் அந்தப் பல்கலைக் கழகத்தின் குழுவே தன் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதியது. கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் 2019-ல் எல்ஸ்வியரோடு ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. இரண்டு வருஷம் பத்திரிகை இல்லாமலே தாக்குப்பிடித்தது. 2021-ல் கம்பெனி இறங்கி வந்து வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டது. பேராசிரியர்களும் ஒரு வகையில் ஸ்டிரைக் செய்யத்தான் வேண்டியிருந்தது, தோழர்களே!

பூட்டினால் உயிர் போகும்

புத்தக விலை ஏறினால் படித்தவர்களுக்குத்தானே கஷ்டம் என்று நினைக்கிறவர்கள், மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா என்ற சிறு நாட்டில் நடந்ததைக் கேட்க வேண்டும்.

2014-ல் அங்கே எபோலா என்ற கொடிய காய்ச்சல் பரவியது. அந்த நாட்டில் மட்டும் சுமார் 4,800 பேர் இறந்தார்கள். நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்த நர்ஸுகளும் டாக்டர்களும் செத்தார்கள். “இந்த நோய் மத்திய ஆப்பிரிக்காவில்தான் உண்டு, எங்கள் பக்கம் வரும் என்று யாருக்குத் தெரியும்?” என்று எல்லோரும் நினைத்தார்கள். தெரிந்துதான் இருந்தது! லைபீரிய மக்களின் ரத்தத்தைச் சோதித்த ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள், எபோலா நடமாடும் பகுதியில் லைபீரியாவையும் சேர்க்க வேண்டும் என்று 1982-லேயே ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டுரை லைபீரியாவுக்கு வந்து சேரவே இல்லை. எழுதியவர்களில் லைபீரியர் யாரும் இல்லை. நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியும் அவருடைய சகாக்களும் 2015-ல் பத்திரிகையில் இதை எழுதி வருந்தினார்கள். அப்போதுகூட அந்த மாதிரி ஒரு கட்டுரையை இன்டர்நெட்டில் எடுக்க 45 டாலர் ஆகும், அது லைபீரிய டாக்டர் ஒருவரின் அரை வாரச் சம்பளம் என்றும் அவர்கள் சொன்னார்கள்.

லைபீரியக் குடியானவனின் ரத்தத்தைக் குத்தி எடுத்துத்தான் அந்தக் கட்டுரை எழுதப்பட்டது. அவனுக்கே அது கிடைக்கவில்லை. இதைவிட வேறு என்ன சொல்ல இருக்கிறது?

2020-ல் கொரோனா வந்தபோது என்ன நடந்தது? ஜனவரியிலேயே சீன விஞ்ஞானிகள் அந்தக் கிருமியின் மரபு வரிசையை உலகமே பார்க்கும்படி வெளியிட்டார்கள். பெரிய கம்பெனிகளும் கொரோனா பற்றிய கட்டுரைகளுக்குத் தற்காலிகமாகக் கதவைத் திறந்துவிட்டன. திறந்ததால்தான் வேலை வேகமாக நடந்தது என்று அவர்களே பெருமை பேசினார்கள். நல்லது. அப்படியானால் காச நோய்க்கு ஏன் திறக்கவில்லை? இந்தியாவில் வருஷத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் அந்த நோயால் சாகிறார்கள். பஞ்சுத் தூசிக்கு ஏன் திறக்கவில்லை? பூச்சி மருந்து அடித்து மயங்கி விழுகிற விவசாயத் தொழிலாளிக்கு ஏன் திறக்கவில்லை? அந்த நோய்கள் விமானத்தில் ஏறி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போவதில்லை என்பதுதானே காரணம்!

தேடிக் கொடுக்கிறவர்கள்

விலை ஒரு பக்கம். அச்சானதைத் தேடிக் கண்டுபிடிப்பது இன்னொரு பக்கம். உலகத்தில் வருஷத்துக்கு லட்சக்கணக்கான விஞ்ஞானக் கட்டுரைகள் வெளியாகின்றன. பஞ்சுக் குவியலில் ஒரு குறிப்பிட்ட விதையைத் தேடுவது போன்ற காரியம். அதற்கென்றே நூல் நிலையத்தில் ஒரு கலை வளர்ந்திருக்கிறது: அட்டவணை, சுருக்கம், பொருள் வாரியாக எண் கொடுத்து அடுக்குவது. இந்தக் கலையில் உலகத்துக்கே ஆசானாக விளங்கியவர் நம் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகரானார். ஆரம்பத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்று சலித்துக்கொண்டாராம். பிறகு லண்டன் போய்ப் படித்துத் திரும்பி, நூல் நிலையத்தையே புரட்டிப் போட்டார். 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுவதற்கே என்பது. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்றும், வாசகனின் நேரத்தை வீணடிக்கக் கூடாது என்றும் சொன்னார். ‘ஒவ்வொரு வாசகனுக்கும்’ என்றாரே தவிர, ‘அடையாள அட்டை வைத்திருக்கிற வாசகனுக்கு’ என்று அவர் சொல்லவில்லை.

அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அதைத் தொடங்கி வைத்ததும் ரங்கநாதன்தான். 1948-ல் சென்னை மாகாணத்தில் நூல் நிலையச் சட்டம் வந்ததற்குப் பின்னால் இருந்த உழைப்பில் பெரும் பங்கு அவருடையது. வீட்டு வரியோடு நாம் இன்றும் நூலக வரி கட்டுகிறோமே, அந்தச் சட்டத்தின்படிதான். அப்படிப் பார்த்தால் நூல் நிலையத்தில் நமக்கு உள்ளது உரிமை. யாரும் போடுகிற பிச்சை அல்ல.

நூல் நிலையம் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய மூளையும் எப்படி வீணாகும் என்பதற்குக் கும்பகோணத்து ராமானுஜனைவிடச் சாட்சி வேண்டுமா? தகப்பனார் துணிக்கடைக் குமாஸ்தா. கணித சூத்திரங்கள் அடங்கிய ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் நண்பர்கள் மூலம் கல்லூரி நூல் நிலையத்திலிருந்து கைக்கு வந்தது. அந்த ஒரு புத்தகத்திலிருந்து கிளம்பி உலகத்தை வியக்க வைத்தார். ஆனால் 1913-ல் அவர் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிய கணக்குகளில் சில, ஐரோப்பாவில் எப்போதோ கண்டுபிடித்து முடித்தவை! அந்தப் பத்திரிகைகள் அவர் கண்ணில் பட்டிருந்தால், தெரிந்ததையே மறுபடி தேடி அந்த மனிதர் இரவெல்லாம் சிலேட்டைத் தேய்த்திருக்க வேண்டாம். 32 வயதில் போய்விட்டவருக்கு அந்த இரவுகள் எவ்வளவு மதிப்புள்ளவை!

சென்ற ஆண்டு ஒரு கார்டிங் தோழரின் நஷ்டஈட்டு விவகாரத்துக்காக நானும் ஒரு கல்லூரி நூல் நிலையத்துக்குப் போயிருந்தேன். பத்தாவது படித்த எனக்கு அந்த ஆங்கிலம் லேசில் பிடிபடாதுதான். வக்கீல் படித்துச் சொல்வார் என்ற தைரியம். அங்கிருந்த நூலகர் அம்மாள் நல்லவர். கம்ப்யூட்டரில் சில வார்த்தைகளைத் தட்டினார். நாலைந்து நிமிஷத்தில், நாங்கள் தேடிய விஷயம் உள்ள கட்டுரைகள் ஒரு பக்கம் முழுக்க வரிசையாக வந்து நின்றன. தேடிக் கொடுக்கும் கலை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பிரமித்துப் போனேன். முதல் கட்டுரையைத் தட்டியதும் திரையில் விலைச்சீட்டு வந்தது. நம் பணத்துக்குச் சுமார் மூவாயிரம் ரூபாய். படிப்பதற்கு முன்பே கட்ட வேண்டும். உள்ளே நமக்கு வேண்டியது இருக்கிறதா இல்லையா என்பது கட்டிய பிறகுதான் தெரியும். சந்தைக்குப் போனால் கத்தரிக்காயைக்கூட நசுக்கிப் பார்த்து வாங்குகிறோம்! “எங்கள் கல்லூரி இதற்குச் சந்தா கட்டவில்லை, தம்பி” என்று அந்த அம்மாள்தான் வெட்கப்பட்டார். வெட்கப்பட வேண்டியவர் அவரா?

ஆறாயிரம் கோடி

மத்திய சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டத்துக்கு 2024 நவம்பரில் மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 பத்திரிகைகளை, மத்திய மாநில சர்க்கார்களின் 6,300 கல்வி, ஆராய்ச்சி நிலையங்களில் உள்ள ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் மாணவர்களும் ஆசிரியர்களும் படிக்கலாம். 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது. மாவட்டத்தில் ஒரு மூலையில் உள்ள சர்க்கார் கல்லூரி மாணவிக்கும் டில்லியில் உள்ளவருக்குக் கிடைப்பதே கிடைக்கும் என்றால், அந்த அளவுக்கு அது நல்ல காரியம்தான். ஒவ்வொரு நிலையமும் தனித்தனியாகப் பேரம் பேசி ஏமாறுவதைவிடச் சேர்ந்து பேரம் பேசுவது மேல் என்பது சங்கம் வைத்தவர்களுக்குத் தெரியாததா?

ஆனால் கணக்கைப் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய்! அதில் பெரும் பகுதி அந்நியக் கம்பெனிகளுக்குப் போகிறது. இந்திய விஞ்ஞானிகள் இந்திய மக்களின் பணத்தில் எழுதி இனாமாகக் கொடுத்த கட்டுரைகளும் அதில் அடக்கம். மூன்று வருஷம் முடிந்தால் மறுபடி பேரம். சந்தா நின்றால் படிப்பும் நிற்கும். வாடகை வீட்டுக்கு எத்தனை வருஷம் வாடகை கட்டினாலும் ஒரு செங்கல்கூட நமக்குச் சொந்தமாகாது. அது போலத்தான் இதுவும். மேலும், அந்த 1 கோடியே 80 லட்சம் பேரில் மில் தொழிலாளி இல்லை. விவசாயத் தொழிலாளி இல்லை. தொழிற்சங்க ஆபீஸ் இல்லை. தாலுகா கோர்ட்டில் வாதாடுகிற சின்ன வக்கீல் இல்லை. வரி கட்டும்போது மட்டும் எல்லோரும் உண்டு!

விலையைப் பற்றிப் புகார் சொன்னதும் கம்பெனிகள் வேறொரு தந்திரம் கண்டன. “படிப்பவர் கொடுக்க வேண்டாம், எழுதுபவர் கொடுக்கட்டும், கட்டுரையைத் திறந்து வைக்கிறோம்” என்றன. ‘நேச்சர்’ என்ற பிரபலமான பத்திரிகை இதற்கு 2021-ல் கட்டுரை ஒன்றுக்கு 9,500 யூரோ என்று விலை வைத்தது. நம் நாட்டு ஆராய்ச்சி மாணவரின் இரண்டு வருஷ உதவித்தொகையாலும் அதைக் கட்டி முடிக்க முடியாது. பூட்டை வாசலிலிருந்து எடுத்து எழுதுகிறவன் வாயில் மாட்டிவிட்டார்கள். இந்தச் சந்தடியில், பணம் கொடுத்தால் எதையும் சோதிக்காமல் அச்சிடுகிற போலிப் பத்திரிகைகளும் காளான் போல் முளைத்துவிட்டன.

பூட்டை உடைக்கப் பார்த்தவர்களும் உண்டு. கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா எல்பாக்கியான் என்ற இளம்பெண் 2011-ல் ‘ஸை-ஹப்’ என்ற இணையதளத்தை ஆரம்பித்து, கோடிக்கணக்கான கட்டுரைகளைக் காசில்லாமல் திறந்துவிட்டார். எல்ஸ்வியர் உள்ளிட்ட மூன்று பதிப்பாளர்கள் 2020-ல் டில்லி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் தடுக்கும்படி உத்தரவாயிற்று. சட்டப்படி அது சரியா தவறா என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். அவ்வளவு விஞ்ஞானிகள் அந்தக் கதவைத் தட்டினார்களே, அவர்களை அங்கே துரத்தியது யார் என்பதுதான் நம் கேள்வி. இதே ஹைகோர்ட்டில் வேறொரு தீர்ப்பும் வந்தது. டில்லிப் பல்கலைக் கழக வளாகத்தில் மாணவர்களுக்குப் பாடப் பகுதிகளை நகலெடுத்துக் கொடுத்த ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை மேல், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உட்பட மூன்று பெரிய பதிப்பகங்கள் 2012-ல் வழக்குப் போட்டன. படிப்புக்காக இப்படி நகலெடுப்பது குற்றமல்ல என்று 2016-ல் கோர்ட் சொல்லிவிட்டது.

வேறு வழி இருக்கிறது

தனியார் கம்பெனி இல்லாவிட்டால் விஞ்ஞானப் பத்திரிகையே வராது என்று பயமுறுத்துகிறார்கள். பொய். சோவியத் யூனியனில் 1952-ல் இதற்கென்றே மாஸ்கோவில் ஒரு பெரிய நிலையம் வைத்தார்கள். உலகத்தின் பல மொழிகளில் வருகிற விஞ்ஞானப் பத்திரிகைகளைப் படித்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் ருஷ்ய மொழியில் சுருக்கம் எழுதி, துறைவாரியாக வெளியிட்டார்கள். அதே வருஷம் நம் டில்லியிலும் சர்க்கார் ஒரு விஞ்ஞானத் தகவல் நிலையம் ஆரம்பித்தது. கேட்டவர்களுக்குக் கட்டுரையின் நகலும் மொழிபெயர்ப்பும் கொடுத்தது. பிரேசிலில் 1998-ல் தொடங்கிய ‘ஸைலோ’ என்ற ஏற்பாட்டில் தென் அமெரிக்க நாடுகள் பல சேர்ந்து, தங்கள் பத்திரிகைகளை எவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கின்றன. பெளதிக விஞ்ஞானிகளும் கணித மேதைகளும் 1991 முதல் தங்கள் கட்டுரைகளை ‘ஆர்க்கைவ்’ என்ற பொதுக் களஞ்சியத்தில் போட்டு வருகிறார்கள். அங்கே படிப்பதற்கும் காசில்லை, போடுவதற்கும் காசில்லை. அவ்வளவு ஏன், முதலாளித்துவத்தின் தலைநகரான அமெரிக்காவிலேயே, சர்க்கார் மருத்துவ ஆராய்ச்சிப் பணத்தில் எழுதிய கட்டுரையை வெளியான அன்றே எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்ற விதி 2025 ஜூலையில் அமலுக்கு வந்துவிட்டது. அமெரிக்க வரிதாரருக்கு உள்ள உரிமை இந்திய வரிதாரருக்கு மட்டும் ஏன் கூடாது?

நாம் கேட்பது அதிகமில்லை. மக்கள் பணத்தில் செய்த ஆராய்ச்சியின் கட்டுரை, வெளியான நாளிலேயே மக்களுக்குத் திறக்கப்பட வேண்டும். ஆறாயிரம் கோடியில் ஒரு பங்கையாவது நம் நாட்டுப் பல்கலைக் கழகங்களே நடத்துகிற நல்ல பத்திரிகைகளுக்குக் கொடுக்க வேண்டும். வாங்கிய சந்தாவைக் கல்லூரி மதிலுக்குள் அடைக்காமல், சென்னையில் கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூலகம், மாவட்ட மைய நூலகங்கள் ஆகியவற்றில் எவரும் உட்கார்ந்து படிக்கும்படி செய்ய வேண்டும். தொழிலாளர் உடல் நலத்தையும் விவசாயத்தையும் பற்றிய ஆராய்ச்சிகளுக்காவது தமிழில் நாலு வரிச் சுருக்கம் எழுதி வைக்க வேண்டும். கோயமுத்தூர் மில் தொழிலாளியின் நுரையீரலை அளந்து எழுதியதைக் கோயமுத்தூர்த் தொழிலாளி படிக்க வேண்டாமா?

அதுவரை, இப்போதே கையில் இருப்பதைத் தோழர்கள் பயன்படுத்த வேண்டும். ‘சோத்கங்கா’ என்ற இணையதளத்தில், இந்தியப் பல்கலைக் கழகங்களில் டாக்டர் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் காசில்லாமல் கிடைக்கின்றன. மில் தொழிலாளர், கூலி விவசாயிகள், பூச்சி மருந்து, தண்ணீர் என்று நம் விஷயங்களில் எத்தனையோ ஆய்வுகள் அங்கே தூசி படிந்து கிடக்கின்றன. தமிழில் எழுதியவையும் உண்டு. பிஸினோஸிஸ் பற்றிய மருத்துவக் கட்டுரைகள் பலவற்றின் சுருக்கத்தையும், சிலவற்றை முழுமையாகவும், ‘பப்மெட்’ என்ற அமெரிக்க சர்க்கார் தளத்தில் இனாமாகப் பார்க்கலாம். பூட்டிய கட்டுரையாயிருந்தால், அதில் எழுதியவரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். நாலு வரி எழுதிக் கேட்டால், பெரும்பாலான விஞ்ஞானிகள் சந்தோஷமாகப் பிரதி அனுப்புகிறார்கள். நமக்கு அப்படித்தான் இரண்டு கட்டுரைகள் வந்தன. சங்க ஆபீஸுகளில் படித்த பையன்கள், பெண்கள் யாராவது ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள். கார்டிங், புளோ ரூம் தோழர்களிடம், ‘லீவு முடிந்த முதல் நாள் நெஞ்சு இறுக்குகிறதா?’ என்று ஒவ்வொருவராகக் கேட்டு, வேலை செய்த வருஷத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஷில்லிங் துரை லங்காஷயரில் ஆரம்பித்ததும் அப்படித்தான்.